தங்கையோடு அடுத்து எந்தச் சண்டை

சனிக்கிழமை சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். விளையாட்டு திறப்பதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இந்த மாதக் கடைசியோடு ஆன்லைன் சேவை நிறுத்தப்படுகிறது, இதுவரை எங்களோடு விளையாடியதற்கு நன்றி என்று எழுதியிருந்தது. கீழே 'சரி' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் நானே சம்மதித்ததாக ஆகிவிடும் என்று அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து வந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"கேமை மூடுறாங்களாம்."

"அவ்வளவுதானா?" என்று முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதருக்கு அது அவ்வளவுதான் இல்லை என்று தெரியாமல் இருக்காது. தெரிந்ததால்தான் டப்பாவோடு தப்பித்தார்.

நான் இந்த விளையாட்டை விளையாடுவதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, பயந்துகொண்டு வருகிறவர்களிடம் ஒன்றும் வலிக்காது என்று சொல்வது என் வேலை. வயது ஐம்பதைத் தொடப் போகிறது. படியேறினால் வலது முட்டி சத்தம் போடும். இப்படிப்பட்ட ஒருத்தி வாரம் தவறாமல் குட்டைப் பாவாடை கட்டிய சண்டைக்காரியாக மாறி, கிளாங்கில் இருக்கும் தன் கூடப் பிறந்த தங்கையின் தாடையில் உதைக்கிறாள் என்று தெரிந்தால், வருகிறவர்கள் வேறு கிளினிக் பார்த்துக்கொள்வார்கள்.

விளையாட்டு எங்களுக்கு வந்தது எங்கள் மகன்களிடமிருந்து. என் மகன் பினாங்கில் வேலை கிடைத்துப் போனபோது கன்சோலை விட்டுவிட்டுப் போனான். தங்கையின் மகனும் அதையே செய்தான். தூசி தட்டும்போது ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று ஒருநாள் போட்டேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மேலே இருக்கும் உயிர்க்கோடு தீரும்வரை ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கும் என் தங்கைக்கும் ரொம்ப நேரம் ஆகவில்லை. சின்ன வயதில் ஒரே அறையில், ஒரே கண்ணாடி முன்னால் தலை சீவி வளர்ந்தவர்கள் நாங்கள்.

பிறகு தங்கை கிளாங்கில் புது வீடு வாங்கினாள். புதுமனை புகுவிழாவுக்கு எனக்கு அழைப்பு வந்தது. எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனில், குடும்பக் குழுவில், யாரோ போட்ட காலை வணக்கப் படத்துக்கும் யாரோ விற்கும் ஊறுகாய்க்கும் நடுவில், ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளையார். அதன் கீழே வீட்டுக்கு வழி காட்டும் மேப். 'அனைவரும் வருக.' எங்கள் குடும்பத்தில் விசேஷத்துக்கு அழைப்பதென்றால் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கே வந்து நின்று, 'குடும்பத்தோட வந்துடணும்' என்று வாயால் சொல்ல வேண்டும். அதிலும் கூடப் பிறந்தவளுக்கு முதல் தட்டு. நான் 'அனைவரும்' இல்லை. நான் அவளுடைய அக்கா.

போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் இன்னும் கோபித்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு தீபாவளி வந்து போனது, இன்னொரு தீபாவளியும் வந்து போனது. எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

ஆனால் சண்டை மட்டும் நிற்கவில்லை. விழா நடந்த வாரம் சனிக்கிழமை ஆத்திரத்தோடு விளையாட்டைத் திறந்தேன். அவளும் அங்கே இருந்தாள். மோதலாமா என்று திரை கேட்டது. இருவரும் ஆம் என்று அழுத்தினோம். நேரில் கொடுக்க வேண்டியதையெல்லாம் அன்றைக்கு அங்கே கொடுத்துக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஹலோ கிடையாது, குட் நைட் கிடையாது. அடித்து முடித்ததும் அவரவர் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

சொன்னால் சிரிப்பீர்கள், அவள் அடிக்கும் அடியிலிருந்து அவளுடைய வாரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் எப்போதும் ஒரு மல்யுத்தக்காரியைத்தான் எடுப்பாள். பொறுமையாக நின்று, கிட்டே வந்ததும் பிடித்துத் தூக்கிப் போடுகிற ரகம். நான் ஓடிப்போய் உதைக்கிற ரகம். அவள் பொறுக்காமல் பாய்ந்து வந்தால் ஆபீஸில் யாரோ அவளைக் கடுப்பேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தூக்கிப் போட்ட பிறகு காரணமில்லாமல் ஒரு குதி குதித்தால் சந்தோஷமாக இருக்கிறாள். ஒரு வாரம் வராமலே போனால், மறுநாள் காலையில் என் கணவரை அவருடைய சகலைக்கு 'சும்மா' போன் போடச் சொல்வேன். "காய்ச்சலாம்" என்று சொல்வார். "நான் கேட்கவே இல்லையே" என்பேன்.

போதாததற்கு, கடந்த சில மாதங்களாக நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவள் பிடிக்க நீட்டிய கை காற்றில் போகும், நான் பின்னால் போய் உதைப்பேன். எனக்கு ஆட்டம் தேறிவிட்டது என்று நம்பினேன். "சில பேருக்குத் திறமை லேட்டாத்தான் வெளிய வரும்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

இப்போது அந்த விளையாட்டும் போகப் போகிறது. போய்விட்டால் என் தங்கை எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியே இல்லை. அவளுக்கும் என்னைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்து நாங்கள் இருவரும் ஒரே விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. ஆனால் எந்த விளையாட்டு என்று கேட்க வேண்டுமானால் பேச வேண்டும். அதுதான் முடியாதே.

பினாங்குக்குப் போன் போட்டேன். மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல உட்கார்ந்தா அந்த கேமையே ஆடலாம்லா. இன்டர்நெட்டே வேணாம்" என்றான்.

"நான் உன்கிட்ட கேம் பேரு கேட்டேனா, புத்தி கேட்டேனா?"

கேம் பெயர்களை அனுப்பி வைத்தான். இலவசமாகக் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம் என்றும் சொன்னான். நானும் தினமும் வேலை விட்டு வந்ததும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன்.

முதலாவது, எல்லாரும் புகழ்கிற விளையாட்டாம். அப்போது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் முட்டை கூட உள்ளே வராது. என் கணவர் சோபாவில் தட்டை வைத்துக்கொண்டு சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை மென்றுகொண்டிருந்தார். திரையில் ஜெயித்தவன் தோற்றவனுடைய முதுகெலும்பை அப்படியே உருவி எடுத்து எங்களிடம் காட்டினான். கணவர் முருங்கைக்காயைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இதை புரட்டாசி முடிஞ்சதும் வச்சுக்கலாமே" என்றார்.

நான் உடனே அணைத்துவிட்டேன். அதுவும் பெருமாளுக்கு விளக்கு வைத்த கையோடு சனிக்கிழமை ஆட வேண்டிய விளையாட்டு. சைவமான சண்டையாகத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடிக்கலாம், உதைக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. இப்படி ஒரு கணக்கில் விளையாட்டு தேடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அப்புறம், கிளாங்கிலும் புரட்டாசிதானே என்று ஞாபகம் வந்தது.

அடுத்த விளையாட்டில் எதிராளியைச் சுற்றிச் சுற்றி நடக்கலாம். கேட்பதற்கு நன்றாக இருந்தது. நான் சுற்றினால் என் ஆள் எப்படியோ சுவரைப் பார்த்து நின்று காற்றை உதைத்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் என் முதுகில் அடித்தது. லெவலைக் குறைத்தேன். குழந்தைகளுக்கான லெவலிலும் முதுகில்தான் அடித்தது. மூன்றாவதில் எல்லாரும் பள்ளிச் சீருடையில் பெரிய கண்ணோடு இருந்தார்கள். அடிப்பதற்கு முன்னால் மனதில் இருப்பதையெல்லாம் நின்று நிதானமாக எடுத்துச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் எனக்கு இந்த விளையாட்டே தேவைப்பட்டிருக்காது.

இதற்குள் என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். காத்திருந்த ஓர் அங்கிள் மூக்கை உறிஞ்சி, "யாருக்கும்மா சளி?" என்று கேட்டார். டாக்டர் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்றார். சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன் என்று சொன்னேன். "Wah, how many chapati?" என்றார். புரட்டாசி என்று சொல்லி வைத்தேன். அவருக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

கடைசியாக ஒன்று அகப்பட்டது. மழை கொட்டும் தெருக்கள், இருட்டு, தூரத்தில் சிவப்பு விளக்குகள். படம் மாதிரி இருந்தது. ரத்தம் கிடையாது. முக்கியமாக, அதில் ஒரு மல்யுத்தக்காரி இருந்தாள், என் தங்கையுடைய ஆளைவிட இரண்டு மடங்கு அகலம். பார்த்ததுமே இது அவளுக்குத்தான் என்று தோன்றியது. ஆனால் நான் எதை எடுப்பேன் என்று யோசித்து அவளும் அங்கே ஒன்றை எடுப்பாளே? அப்படியானால் அவள் எனக்காக ஓடி உதைக்கிற ஆள் இருக்கும் விளையாட்டை எடுப்பாள். நான் அவளுக்காக இதை எடுப்பேன். இருவரும் ஆளுக்கொரு விளையாட்டில் தனியாக நின்றுகொண்டிருப்போம். இதை யோசித்து யோசித்து ஒரு நாள் யாருக்கோ பல் பிடுங்கும் நேரத்துக்கு இன்னொருவரை வரச் சொல்லிவிட்டேன்.

வேறு வழியில்லாமல் தூது அனுப்பினேன். என் கணவரும் தங்கையின் கணவரும் எங்களால் பிரிக்க முடியாத நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாங்கில் ஒரு கடையில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, பாசாருக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் சண்டை அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு நல்ல சாப்பாடு. விளையாட்டின் பெயரை எழுதிக் கொடுத்து, நான் கேட்டதாகச் சொல்லாமல் கேட்டு வரச் சொன்னேன்.

திரும்பி வந்தவர் வெண்டைக்காயை மேசையில் வைத்துவிட்டு, "எதுவா இருந்தாலும் சரியாம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"உன் தங்கச்சிதான். சகலை போன்ல கேட்டாரு. எதுவா இருந்தாலும் சரின்னுட்டா. நல்ல பதில்தானே?"

வெளியாருக்கு அது நல்ல பதில். எங்கள் அம்மா வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. என்ன சேலை வேண்டும் என்று கேட்டு ஒருத்தி 'எதுவா இருந்தாலும் சரி' என்று சொன்னால், கேட்ட விதம் சரியில்லை, போய் ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம். நானே அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

புது விளையாட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு அனுப்பலாம். ஒரு பட்டன்தான். விரலை அதன் மேல் வைத்தேன். அழுத்தினால் அவளுடைய திரையில் ஓர் ஓரத்தில் மின்னும், கூடவே மற்ற விளம்பரங்களும் மின்னும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் அழைத்தாள் என்று சொந்தத் தங்கையின் வீட்டுக்குப் போகாதவள் நான். இப்போது நான் அவளைப் பட்டனை அழுத்தி அழைப்பதா? அக்கா சட்டம் போட்டால் அக்காவுக்கும் சேர்த்துத்தான். என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். விரலை எடுத்துவிட்டேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் ஏற்கெனவே வந்து காத்திருந்தாள். அந்தி நேரத்துக் கோட்டை மதில்தான் களமாக வந்தது. ஆட்டம் தொடங்கியதும் என் தங்கை அசையவில்லை. அவளுடைய மல்யுத்தக்காரி கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நான் ஓரடி முன்னால் போனேன். அவள் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. எனக்கும் உதைக்க மனம் வரவில்லை. நானும் நின்றேன். மேலே கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பேரும் கடைசிவரை அப்படியே எதிரெதிரே நின்றோம். சமம் என்று திரை சொல்லிற்று. அவள் வெளியேறிவிட்டாள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். கணவர் ஓடி வந்தார். "கடைசி தடவைன்னு என்னை அடிக்க அவளுக்கு மனசு வரலைங்க. அப்படியே நின்னா" என்றேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தவள் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நான் முழுசாக நம்பினேன். அந்த வேகத்தில்தான், "நாளைக்குக் கிளாங் போறோம். தட்டு எடுத்துக்கிட்டு" என்றும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் மழைத்தெரு விளையாட்டை டிஸ்க்காகவே வாங்கினேன். தட்டில் வைக்கக் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டுமே. கடைக்காரர், "பையனுக்கா ஆன்டி?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன வயசு?" என்றார். வாயில் தங்கையின் வயது வந்துவிட்டது. "நாற்பத்தாறு" என்றேன். அவர் அவசரமாக டிஸ்க்கைப் பையில் போட்டுக் கொடுத்தார். பூக்கடையில் வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டோம். ஃபெடரல் ஹைவே முழுக்கத் தட்டு என் மடியில் இருந்தது. டிஸ்க் வாழைப்பழத்தின் மேல் சறுக்காமல் பிடித்துக்கொண்டே போனேன். கணவர் அடிக்கொரு தரம் அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். புது வீடு என்று நான் மனதில் வைத்திருந்த வீட்டின் கேட்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. மணி அடித்ததும் தங்கையின் கணவர் வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். பிறகு இரண்டு சகலைகளும் என்னவோ காய் வாங்க வேண்டும் என்று அவசரமாகக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஜோடியாக நின்று அழைக்க வேண்டிய சம்பிரதாயம் அங்கேயே போயிற்று.

தங்கை வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தேன்.

"குடும்பத்தோட வந்துடணும்" என்றேன். எனக்குக் குரல் கிளினிக் குரலாக வந்தது.

"எதுக்கு?"

"சண்டைக்கு. சனிக்கிழமை."

அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "என்ன கேம்?"

தட்டு அவள் மூக்குக்கு நேரே இருந்தது. டிஸ்க்கின் மேல் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. பார்த்துக்கொண்டே என்ன என்று கேட்கிறாளே, இந்தத் திமிருக்கு நான் கிளாங் வரை வந்திருக்க வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் பெயரைச் சொன்னேன்.

"வாசல்ல நின்னு கூப்பிட்டா நான் வர மாட்டேன்" என்றாள். "உள்ள வந்து கூப்பிடு."

போனேன். தட்டைச் சாமி அறையில் வைத்தேன். ஹாலில் ஒரு நல்ல சோபா இருந்தது. ஆனால் டிவிக்கு ஒரு முழத் தூரத்தில், திரையை முட்டுகிற மாதிரி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தது. கன்ட்ரோலர் அதன் மேல்தான் இருந்தது. எங்கள் அம்மா எங்களைத் திட்டியதுதான் என் வாயில் வந்தது.

"இவ்வளவு கிட்ட உட்கார்ந்தா கண்ணு கெட்டுப்போகும்டி."

"கெட்டுப்போச்சுக்கா" என்றாள்.

சமையலறைக்குப் போய்க்கொண்டே சொன்னாள், பால் வாங்க மறந்ததைச் சொல்வது மாதிரி. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது கண்ணில் திரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு ஊசி போடுகிறார்கள், அந்தக் கண் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருட்டாக இருக்கும் எதுவும் தெரிவதில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவள் சொன்ன காலமும் எனக்குத் திறமை வெளிவந்த காலமும் ஒன்றாக இருந்தன.

"நேத்து?" என்றேன். "நேத்து நீ அடிக்காம நின்னியே?"

"மதில் சீன் வந்துச்சு. உன்னையும் தெரியல, என்னையும் தெரியல. சும்மா கையை வீசினா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு நின்னேன். நீ ஏன் நின்னே?"

அவள் அடியை வைத்து அவள் ஆபீஸையும் காய்ச்சலையும் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான். அவளுக்குக் கண் போனதை மட்டும் என் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வந்த விளையாட்டு முழுக்க மழையும் இருட்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பாவம் பார்த்து வருவே. தட்டு எடுத்துக்கிட்டு வருவியா?" என்றாள். "அவர்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். மூக்கைத் துடை. காப்பி போடறேன்."

காப்பியை நான் குடித்து முடித்ததும் அவள் டிவியைப் போட்டாள். அவளும் அங்கே தினமும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒன்றை வைத்திருந்தாள். அதைவிட அசிங்கமான விளையாட்டை நான் பார்த்ததில்லை. பின்னால் ஒன்றுமே கிடையாது, வெறும் வெளிர் மஞ்சள். ஆட்கள் பாதித் திரை உயரம். ஒருத்தி முழுக்க வெள்ளை, இன்னொருத்தி முழுக்கச் சிவப்பு. என் மகன் பார்த்தால் வீட்டைவிட்டே ஓடிவிடுவான். அவள் சிவப்பை எடுத்தாள். எனக்கு வெள்ளை. ஸ்டூலில் அவள் உட்கார, பக்கத்தில் தரையில் நான் உட்கார்ந்தேன். முட்டி சத்தம் போட்டது.

முதல் ஆட்டத்தில் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் வந்து பிடித்தாள், தூக்கிப் போட்டாள், மறுபடியும் தூக்கிப் போட்டாள். ஜெயித்துவிட்டாள். நான் கை தட்டினேன். அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள்.

"வேணும்னே விட்டுட்டே."

"இல்லடி. புது கேம். எனக்குப் பழகல."

"அக்கா, நீ எந்த கேம்ல இருந்தாலும் முதல்ல ஓடி வந்து உதைப்பே. இப்ப மரம் மாதிரி நிக்கிறே. எனக்குக் கண்ணுதான் மங்கல். உன்னைத் தெரியாதா?" குரலை உயர்த்தவே இல்லை. "இப்படி ஆடறதா இருந்தா தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. வேற யாராவது கிடைக்காமலா போயிடுவாங்க."

அடுத்த ஆட்டத்தில் ஓடினேன். கட்டைவிரல் வலித்ததைப் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே போய்த் தாடையில் ஓர் உதை விட்டேன், விழுந்து எழுந்ததும் இன்னொன்று விட்டேன். சிவப்பு உருவம் திரையின் அந்த மூலைவரை போய் விழுந்தது.

தங்கை ஸ்டூலில் இன்னும் முன்னால் நகர்ந்து, இடது கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அடிச்சது நீதானே?"

"நான்தான்."

"நல்லாப் பட்டுச்சு" என்றாள். "இன்னொன்னு போடு."